அழுத்து, பிடி, விடு

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"பிடி."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"நான் சொல்ற வரைக்கும் விடாத."

ஜீப்புக்கு அடியில் பழைய சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த கண்ணாடிக்கடைக்காரருக்கு, தலைக்கு மேலே கியர்பாக்ஸின் கருத்த வயிறு தெரிந்தது. பக்கவாட்டில், டிரைவர் கதவுக்குக் கீழே தரையில், மனைவி கழற்றிப் போட்டிருந்த செருப்பு தெரிந்தது. அவள் இருக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் வந்து பல மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு வண்டி இருந்தது உண்மைதான். ஆனால் கல்யாணம் ஆன நாள்முதல் அவர்களுக்கு நடுவில் அந்த வண்டி இருந்துகொண்டேதான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு சண்டை. அதில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு மாடி அறைக்குப் போனவர் கண்ணாடிக்கடைக்காரர். போகும்போது வாசலில் நின்று, "வண்டி உன் பேர்லதானே இருக்கு, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்தது பெருந்தன்மை இல்லை, கணக்கு. அந்த ஜீப்பை அவர் ஒருவரைத் தவிர யாராலும் கட்டி மேய்க்க முடியாது. அது ஏதாவது ஒரு கோளாறு பண்ணும், இவள் கூப்பிடுவாள், தானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு வரலாம் என்று காத்திருந்தார். பாழாய்ப்போன வண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோளாறும் பண்ணாமல் மாதக்கணக்கில் சும்மா நின்றது.

கடைசியில் நேற்று போன் வந்தது.

"கிளட்ச்சை மிதிச்சா தொப்புன்னு உள்ள போயிடுது. வந்து பாக்க முடியுமா?"

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவளுக்குக் கிளட்ச் போனது எப்படித் தெரிந்தது என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பிகு பண்ணவும் மறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைதான் மூக்குக்கண்ணாடி வியாபாரம் நன்றாக நடக்கும் நாள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, அவள் எப்போதோ எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அக்கா புருஷனிடம் "ராத்திரிக்கு எனக்கு உலை வைக்கச் சொல்லாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தார்.

வந்து பார்த்தால் ஜீப் பளபளவென்று கழுவித் துடைத்து நின்றது. கிழிந்துபோயிருந்த சீட்டுக்கு ஒட்டுப் போட்டிருந்தாள். தான் வருகிறோம் என்பதற்காக இவ்வளவு செய்திருக்கிறாளே என்று அவர் பூரித்துப்போனார்.

"பிடிச்சிட்டே இருக்கணுமா?" என்றாள் மேலிருந்து.

"இரு, இரு."

வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. அந்த வண்டியில் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு குழாயும் அதற்குள் எண்ணெயும்தான். பெடலை மிதித்தால் எண்ணெய் போய்த் தள்ளும், கிளட்ச் விடும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் எண்ணெய் தள்ளாது, காற்று நசுங்கும், பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போகும். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் குழாய் முடிகிற இடத்தில் இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றைப் போகவிட்டு, மறுபடி மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்துவிட்டால், வெளியே போன காற்று திரும்பி வந்து குடியேறிவிடும்.

கண்ணாடிக்கடைக்காரர் ஸ்பேனரைத் திருப்பினார். நிப்பிளில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் வழியாக, பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலுக்குள் எண்ணெயும் குமிழியுமாக இறங்கியது. ஆனந்தமாக இருந்தது.

அப்போது வாசல் பக்கம் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த மாமனார் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றே, இனி அந்த ஆளோடு பேச்சு இல்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். அதனால் எதுவாக இருந்தாலும் மகளிடம்தான் சொன்னார்.

"எதுக்கும்மா இந்த வம்பு? விடு. கூலிக்கு ஒரு ஆளைப் பிடிச்சுச் செஞ்சுக்கலாம்."

"விடு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் காலை எடுத்துவிட்டாள்.

பாட்டிலில் இறங்கிய குமிழியெல்லாம் சர்ரென்று குழாய்க்குள் ஏறிப் போனது.

"யாரு விடச் சொன்னது?"

"விடுன்னு சத்தம் கேட்டுது."

"அது உங்க அப்பா."

"அழுத்து, பிடி, விடு. இந்த மூணைத் தவிர நீங்க வேற என்ன பேசியிருக்கீங்க என்கிட்ட? யாரு சொன்னாலும் நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் நிப்பிளை மூடினார். இந்தத் தடவை எதற்கும் கோபப்படுவதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் பண்ணியிருந்தார்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அழுத்து, பிடி, விடு. அழுத்து, பிடி, விடு. ஒரு தாளம் கூடி வந்தது. அவருக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. எத்தனை ஞாயிறுகள் இப்படி, அவர் கீழே, அவள் மேலே. அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு நாள் காலையில ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ம்."

"அன்னைக்கு இந்த வண்டி எங்க இருந்துச்சு?"

"இங்கதான்."

"எப்படி இருந்துச்சு?"

கண்ணாடிக்கடைக்காரர் ஸ்பேனரைச் சாக்கில் துடைத்தார். "கழட்டிப் போட்டிருந்தேன். கியர்பாக்ஸ் வேலை. அது பாதியில விட முடியாத வேலை."

"ஆமா. வாடகை வண்டி பிடிச்சுப் போனோம். நானும் அப்பாவும். நீங்க சாயங்காலம் வந்தீங்க. கையில கிரீஸோட வந்தீங்க. அம்மா கையைக்கூடத் தொட முடியல உங்களால."

நாற்காலியில் பேப்பர் அசையாமல் இருந்தது.

தப்புதான் என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரிந்தது. அக்கா வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு அதைப் பல தடவை சொல்லிப் பார்த்தும் இருக்கிறார். நெஞ்சிலிருந்து அது கிளம்பி, தொண்டை வரைக்கும் வந்து, நாக்கு நுனியில் உட்கார்ந்தது. வாயைத் திறந்தார்.

"நிப்பிளை மூடிட்டேன். விடு" என்றார்.

அவள் விட்டாள்.

பெடல் இன்னும் மெத்தையாகத்தான் இருந்தது. முன்னைவிட மோசம், அழுத்தினால் மேலே எழும்பி வரவே இல்லை, காலால் நெம்பித் தூக்க வேண்டியிருந்தது. அவர் வெளியே வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய் ஊற்றுகிற டப்பா காய்ந்து கிடந்தது. அடிமட்டம் வரைக்கும் எண்ணெய் தீர்ந்து, அழுத்த அழுத்தக் காற்றைத்தான் உறிஞ்சியிருக்கிறது.

"டப்பாவைப் பாத்துக்கங்க, குறைஞ்சா சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தானே அடியில போனேன்" என்றார், மாமனார் பக்கம் திரும்பி.

மாமனார் மகளிடம் சொன்னார்: "பாத்துட்டுதான் இருந்தேன். பாதியானப்பவே பாத்தேன். அப்புறம் காலியானதையும் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்பா சொல்லல?"

"பேச்சுவார்த்தை இல்லாத ஆளுகிட்ட எப்படிம்மா சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ மும்முரமா இருந்த."

கண்ணாடிக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை நிரப்பினார். கடித்த வேகத்தில் கை ஆடி, எண்ணெய் வழிந்து பளபளப்பான மட்கார்டில் கோடாக இறங்கியது. அந்த எண்ணெய் பெயிண்டைத் தின்னும். அவள் சீட்டிலிருந்து இறங்கி ஓடி வந்து ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் மங்கி, தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ" என்றாள். அவள் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது. இந்த வண்டிமேல் அவளுக்கு இவ்வளவு பாசம் இருந்ததென்று அவர் அறிந்ததே இல்லை.

"நான் பெயிண்ட் அடிச்சுத் தரேன்."

"வேண்டாம். இன்னைக்கு கிளட்ச் மட்டும் சரியானா போதும். இன்னைக்கே சரியாகணும்."

இன்னைக்கே. அந்த வார்த்தையையும் எடுத்து அவர் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்.

மறுபடி அடியில் போனார். நிப்பிள் இப்போது மக்கர் பண்ணியது. அவசரத்தில் முறுக்கி முறுக்கி அதன் முனை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினார். பிளேயர் நழுவிக் கட்டைவிரல் தோலைக் கொண்டுபோனது. நீலச் சட்டையின் கையில் ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் எண்ணெய். போதாக்குறைக்கு, நிப்பிள் மாட்டியிருக்கிற சின்ன சிலிண்டருக்குள் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் கழற்றிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. அது அவர் பிறவிக்குணம். இரண்டு போல்ட்டை எடுத்து, சிலிண்டரைக் கழற்றி, முகத்துக்கு நேரே கொண்டுவந்து உள்ளே உற்றுப் பார்த்தார். இந்த நிலைமையில் பெடலை மிதித்தால் உள்ளே இருக்கிற பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். அதனால் அவளை எச்சரித்தார்.

"அழுத்தாத."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் பின்பாதி அடிபட்டுப்போய், முன்பாதி மட்டும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

அழுத்தினாள். பாவம், அன்றைக்கு அழுத்தியதிலேயே அதுதான் நல்ல அழுத்து.

பிஸ்டன் அவர் நெற்றியில் அடித்தது. அதன் பின்னாலேயே எண்ணெய் வந்தது. மூக்கு, வாய், காது, மூக்குக்கண்ணாடி எதையும் விடவில்லை. தட்டுத்தடுமாறி வெளியே தவழ்ந்து வந்து எழுந்து நின்றவரைப் பார்த்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்திய கையையும் மீறிச் சிரித்தாள். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நாற்காலியில் பேப்பருக்குப் பின்னாலிருந்தும் ஒரு இருமல் மாதிரி சத்தம் வந்தது.

அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்தது எப்போது என்று ஞாபகமில்லை. எரிகிற கண்ணோடு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு பிஸ்டன் இருந்தால் அதையும் நெற்றியில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"கண்ணைக் கழுவுங்க முதல்ல. நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க" என்று வாளியோடு வந்தாள். அவளே ஊற்றினாள். துண்டையும் கொடுத்தாள். "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

டீ விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற பூப்போட்ட கோப்பையில் வந்தது. இந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அவருக்குக் நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளர்தான். மதிப்பு ஏறித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உறிஞ்சினார். பக்கத்தில் நின்று அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சரியானா மலை ஏத்தம் தாங்குமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கல்யாணமான புதிதில் இருவரும் இதே ஜீப்பில் ஒரு மலை உச்சிக்குப் போயிருக்கிறார்கள். போகும் வழியில் ரேடியேட்டர் கொதித்து, பாதிப் பகல் அதிலேயே போனது வேறு கதை.

"தாராளமா தாங்கும்" என்றார். "எந்த மலையா இருந்தாலும்."

"தினமும் ஏறி இறங்கினா?"

தினமுமா என்று ஒரு கணம் திகைத்தார். அதற்கென்ன, ஆசைப்படுகிறாள். "தினமும் ஏறி இறங்கலாம். நான் பொறுப்பு" என்றார்.

அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்து கொடுத்தாள். "வண்டியில இருந்த உங்க சாமானெல்லாம் இதுல போட்டிருக்கேன். டார்ச், கறுப்புக் கண்ணாடி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம்."

"வண்டியிலயே இருக்கட்டுமே."

"இல்ல, தொலைஞ்சு போயிடும்."

தன் சாமான் தொலையக்கூடாது என்று அவள் கவலைப்படுவது அவருக்கு டீயைவிட இனித்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையை ஒரு குறை சொல்ல முடியாது. பிஸ்டனைத் துடைத்து, எண்ணெயில் நனைத்து, ரப்பரைச் சரியாக உட்கார வைத்து மாட்டினார். பழைய சாமான் டப்பாவைத் துழாவி வேறு நிப்பிள் ஒன்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் தானே எழுந்து வந்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்தார். அவளும் கவனமாக அழுத்தினாள், கவனமாகப் பிடித்தாள். குமிழி குறைந்து குறைந்து, கடைசியில் சுத்தமான எண்ணெய் மட்டும் கம்பி மாதிரி இறங்கியது.

"இப்ப அழுத்திப் பாரு."

அழுத்தினாள். பாதியிலேயே பெடல் திடமாக நின்று எதிர்த்தது.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

மாமனார் பேப்பரை மடித்தார். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல நினைத்தவர் போல உதடு அசைந்தது. அப்புறம் மகளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் இளகுகிறார் என்று கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் போனார். காலையிலிருந்து வாய்க்கும் தொண்டைக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் உடனே வந்திருக்கணும். வண்டி எங்கயும் ஓடியா போகப்போகுது. நான்…"

கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவருக்குக் கண்ணாடிக்கடைக்காரரைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். தலை படிய வாரி, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு பை நிறையப் பழம். அவரைப் பார்த்ததும் மனைவி சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். "வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். அதைவிடப் பெரிய அநியாயம், மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மாப்பிள்ளைக்கு அந்த மனிதர் கல்யாணத்தன்றுகூட எழுந்து நின்றதில்லை.

கண்ணாடிக்கடைக்காரருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வண்டி ஓட்டத் தெரிந்த யாரோ ஒருவன் வந்து போயிருக்கிறான். அவன்தான் கிளட்ச் போனதைச் சொல்லியிருக்கிறான். அவனோடுதான் மலை. தினமும். வந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். மூக்கில் சரியாக உட்காராத மலிவு ஃப்ரேம், ஒரு பக்கம் திருகாணி வேறு தளர்ந்திருந்தது. இதைப் போட்டுக்கொண்டு திரிகிறவனையா பிடித்தாள்?

மனைவி ஏதோ எடுத்துவர உள்ளே போனாள். மாமனாரும் அவள் பின்னாலேயே நழுவினார். வந்தவர் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் வந்து மரியாதையாகச் சிரித்தார்.

சண்டை போட உடம்பில் தெம்பில்லை. கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது, நெற்றியில் பிஸ்டன் அளவுக்கு வீங்கியிருந்தது. கௌரவமாக விலகிப்போவதுதான் மிச்சமிருக்கிற ஒரே வழி என்று முடிவு செய்தார்.

"நல்லா வெச்சுக்கங்க" என்றார். குரல் உடைந்தது.

"கண்டிப்பாங்க. அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

"கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"பழகிட்டா சரியாப் போயிடும்ங்க."

"நான் சரியாப் பாத்துக்கல. அதான் இப்படி ஆச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க. பாத்தாலே தெரியுதே, எவ்வளவு பாடுபட்டிருக்கீங்கன்னு" என்று வந்தவர் ஆறுதலாக அவர் தோளைத் தொட்டார். தொட்ட கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. அதைத் தன் சலவைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச்சை ஒரு தடவை மிதித்தார், இன்னொரு தடவை மிதித்தார். முகமெல்லாம் மலர, கதவு வழியாக வெளியே குனிந்து சொன்னார்:

"வண்டிக்கு விலை பேசும்போதே இந்த வீட்டம்மா சொன்னாங்க, கிளட்ச்சுக்காகக் குறைச்சுக் கேக்காதீங்க, கூலி இல்லாம வந்து செஞ்சு குடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்காருன்னு, நல்ல வேலைங்க, உங்க நம்பரை எனக்கும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."